சபையில் ராக் வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூட்டத்திலும் சனிக்கிழமைப் பயிற்சியிலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே கொடுத்திருக்கிறோம். நூறு முதல் முந்நூறு பேர் உட்காரும் சிமெண்டுக் கட்டடம், ஞாயிறு காலை ஆராதனை, சம்பளமில்லாத இசைக்குழு: தமிழ்நாட்டில் பெரும்பாலும் நிலைமை இதுதான் என்பதால் பதில்களும் அதற்கேற்ப இருக்கும்.

“ராக் சாத்தானோட மியூசிக்னு எங்க பெரியவங்க சொல்றாங்க. என்ன பதில் சொல்றது?”

வாதம் செய்து ஜெயிக்கப் பார்க்காதீர்கள். சரித்திரம் உங்கள் பக்கம் இருப்பது உண்மைதான். இன்று ‘பயபக்தியான வாத்தியம்’ என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஆர்கனையே 1520களில் சூரிச் சபைகளில் நிறுத்திவிட்டார்கள். 1964இல் லண்டனில் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற கிறிஸ்தவ அமைப்பே சீருடையோடு ‘ஜாய்ஸ்ட்ரிங்ஸ்’ என்ற பாப் குழுவை மேடையேற்றியது. 1960களின் கடைசியில் அமெரிக்காவில் லாரி நார்மன் போன்றவர்கள் இயேசுவைப் பற்றி ராக் பாடத் தொடங்கினார்கள். எண்பதுகளில் ஸ்ட்ரைப்பர் என்ற குழு அதையே ஹெவி மெட்டலில் செய்தது.

ஆனால் பெரியவர்களின் மனக்குறையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் ‘காது வலிக்கிறது’, ‘வார்த்தை கேட்கவில்லை’ என்ற இரண்டில்தான் போய் நிற்கும். இரண்டும் நியாயமான புகார்கள், இரண்டையும் சரிசெய்ய முடியும். இந்தப் பக்கத்தில் பாதி அதைப் பற்றியதே. சபை ஐயரிடமோ பாஸ்டரிடமோ முதலிலேயே பேசி, முதல் மாதம் ஆராதனைக்கு ஒரு பாட்டு மட்டும் ராக் நடையில் செய்யுங்கள். மீதிப் பாட்டுகள் வழக்கம்போலப் போகட்டும்.

“எங்ககிட்ட டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு எல்லாம் ஏற்கெனவே இருக்கே. இதுவே ராக் பேண்டு இல்லையா?”

கீபோர்டில் ‘ஸ்டைல்’ ஓடிக்கொண்டிருந்தால் இல்லை. நம் துதிப்பாடல்களில் பெரும்பகுதி 6/8 நடையில் (ஆறு அடிச் சுற்று), கீபோர்டின் தானியங்கித் தாளத்தின் மேல்தான் ஓடுகிறது. டிரம்மர் அதைத் துரத்துவார், கிட்டார் அதன் மேல் சும்மா தட்டிக்கொண்டிருக்கும். முதல் வேலையாக ஸ்டைலை அணைத்துவிடுங்கள். ஒரு மாதம் தடுமாறுவீர்கள், அது போகப்போகச் சரியாகிவிடும்.

ராக்கின் முதுகெலும்பு மூன்று விஷயம். 4/4இல் (நான்கு அடிச் சுற்று) ஸ்நேர் என்ற சிறு டிரம் 2, 4ஆம் அடிகளில் அசையாமல் விழ வேண்டும். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸ் கிட்டாரும் ஒரே இடத்தில் விழ வேண்டும். சரணத்துக்கும் பல்லவிக்கும் ஏற்ற இறக்கம் தெரிய வேண்டும். 6/8 பாட்டை விட்டுவிட வேண்டியதில்லை. கிக்கை 1இலும் ஸ்நேரை 4இலும் வைத்து, இடையில் ஹை-ஹாட்டை (கால் மிதியால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) மட்டும் ஓடவிட்டால் அதுவே கனமான ராக் நடையாகிவிடும்.

“குறைந்தபட்சம் எத்தனை பேர் வேணும்?”

டிரம்ஸ், பேஸ், ஒரு எலக்ட்ரிக் கிட்டார், கீபோர்டு, பாட்டு எடுப்பவர் என ஐந்து பேர் போதும். நம் சபைகளில் இருக்கவே இருக்காத ஆள் பேஸ் வாசிப்பவர். இரண்டாவது கிட்டார் வாசிக்கத் துடிக்கும் தம்பியை பேஸுக்கு மாற்றிவிடுங்கள், பேண்டின் தரம் ஒரே மாதத்தில் ஏறும். பேஸ் வந்த பிறகு கீபோர்டுக்காரர் இடது கையைத் தூக்கிவிட வேண்டும். இருவரும் கீழ்ச் சுரங்களில் இருந்தால் சத்தம் குழம்பிப்போகும், யார் தப்பாக வாசிக்கிறார் என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

“யூடியூப்ல இருக்கிற அதே ஸ்கேல்லதான் வாசிக்கிறோம். ஆனா சபை பாடவே மாட்டேங்குது. ஏன்?”

பதிவில் பாடியவர் பயிற்சி பெற்ற பாடகர். சபையில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள், ஆண்கள் பெண்களுக்கு ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே. இருசாராருக்கும் வசதியான எல்லை, கீழே ‘ஏ’ முதல் மேலே ‘டி’ வரை. எப்போதாவது ஒரு ‘ஈ’ வரலாம். காலை எட்டு மணி ஆராதனை என்றால் அதுவும் வேண்டாம்.

ஸ்கேல் (பாட்டின் சுருதி) பிடிக்கும் வழி எளிது. பாட்டின் மிக உயரமான சுரத்தைக் கண்டுபிடித்து, அது ‘சி’ அல்லது ‘டி’யில் வந்து நிற்கும்படி மொத்தப் பாட்டையும் இறக்குங்கள். பிறகு மிகத் தாழ்ந்த சுரம் ‘ஏ’வுக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். போனால் அந்தப் பாட்டின் வீச்சு சபைக்கு அதிகம், அதைத் தனிப்பாடலாக வைத்துக்கொள்ளலாம். புதிய ராக் பாடல்களில் இன்னொரு பொறி உண்டு. சரணத்தைக் கீழே முணுமுணுத்துவிட்டு, கடைசிப் பல்லவியை ஓர் ஆக்டேவ் மேலே கத்துவார்கள். அந்தத் தாவலில் சபை வாயை மூடிக்கொள்ளும். பாட்டு எடுப்பவர் மெட்டைக் கீழேயே பிடித்துக்கொள்ளட்டும், மேல் ஆக்டேவைக் கிட்டார் வாசிக்கட்டும்.

“கீர்த்தனையை ராக்ல வாசிச்சா ராகம் கெட்டுடுமே?”

ராகத்தைப் பார்த்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) போட்டால் கெடாது. ராக் கிட்டாரின் ‘பவர் கார்டு’ என்பது ஆதார சுரமும் அதன் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் அதில் இல்லாததால் ராகத்தோடு மோதுவது குறைவு. சுத்த தன்யாசி அப்படியே ராக்கின் மைனர் பென்டடோனிக். ஸட்ஜம் ‘ஈ’ என்று வைத்தால் ஈ, ஜி, ஏ, டி ஆகிய நான்கு பவர் கார்டுகளும் ராகத்துக்கு வெளியே ஒரு சுரமும் தொடாது. மோகனத்தில் ஸட்ஜம் ‘டி’ என்றால் டி, ஈ, ஏ, பி சரி. எஃப்-ஷார்ப் கார்டில் மட்டும் ராகத்தில் இல்லாத நிஷாதம் வந்து உட்காரும்.

மாயாமாளவகௌளைதான் சோதிக்கும். ஸட்ஜம் ‘டி’ என்றால் டி, ஈ-பிளாட், எஃப்-ஷார்ப், ஜி நான்கும் சுத்தமாக இருக்கும். பழக்கதோஷத்தில் ‘ஏ’ கார்டுக்குப் போனால் அதன் பஞ்சமமாகச் சதுச்ருதி ரிஷபம் வந்து ராகம் உடையும். அந்த இடத்தில் டி கார்டையே நீட்டிப் பிடித்து, பேஸ் மட்டும் ‘ஏ’ வாசிக்கட்டும். ஈ-பிளாட்டிலிருந்து டிக்கு இறங்கும் அந்த ஒரு நகர்வே, எந்த மெட்டல் குழுவும் பொறாமைப்படும் கனத்தைக் கொடுக்கும்.

தாளத்தில் ஆதி சுலபம்: எட்டு அடி, 4/4இல் இரண்டு பார் (தாளச் சுற்று). மிஸ்ர சாபுவை 4/4க்குள் திணிக்காதீர்கள். ஏழை மூன்றும் நான்குமாகப் பிரித்து, கிக்கை 1இலும் ஸ்நேரை 4, 6இலும் வைத்தால் தானே நடக்கும். கமகம் உள்ள இடங்களில் கீபோர்டு ஒதுங்கிக்கொள்ளட்டும். கிட்டார் கம்பியை இழுத்துப் பாடகரோடு சேர்ந்து போகலாம்.

“கிட்டாரை பெடல் வழியா நேரா மிக்சர்ல குத்தினா தகர டப்பாக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு. வீட்ல நல்லாத்தானே இருந்துச்சு?”

வீட்டில் கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டீர்கள். அந்த ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை இயல்பாகவே விழுங்கிவிடும். சபையின் பிஏ ஸ்பீக்கர் (ஹாலுக்கான ஒலிபெருக்கி) எதையும் விழுங்காது, டிஸ்டார்ஷனின் கரகரப்பு முழுவதும் வெளியே வரும். பெடல் வரிசையின் கடைசியில், ஆம்ப் ஸ்பீக்கரைப்போலவே ஒலியை வடிகட்டும் ‘கேபினெட் சிமுலேட்டர்’ கட்டாயம் வேண்டும். மல்டி-எஃபெக்ட் கருவிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்கும், அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மிக்சரில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுங்கள். கீழே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டுவது எப்படியும் தேவை, அது பேஸின் இடம். பெடலே இல்லாமல் கிட்டாரை நேராக லைன் இன்புட்டில் குத்தினால் சத்தம் மந்தமாக வரும். ஆக்டிவ் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வைத்தால் தெளிவு திரும்பும்.

கெயின் (சிக்னலைப் பெருக்கும்) அளவு: அறையில் 7இல் வைத்து ரசித்தது ஹாலில் 4இல் இருக்கட்டும். கெயின் ஏற ஏற அடி தெரியாமல் வெறும் இரைச்சலாகும். பாடும் நேரத்தில் கிட்டாரை 2.5 கிலோஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபல் குறையுங்கள். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பது அந்த வட்டாரத்தில்தான். பெரியவர்கள் ‘வார்த்தை கேட்கவில்லை’ என்றதற்குப் பாதி வைத்தியம் இது.

“டிரம்ஸ் சத்தம்தான் பிரச்சினை. கண்ணாடித் தடுப்பு வாங்கிட்டா சரியாயிடுமா?”

அக்ரிலிக் தடுப்பு மட்டும் வைத்தால் சத்தம் அதில் மோதிப் பின்சுவருக்குப் போய், அங்கிருந்து கூரை வழியாகச் சபைக்கே திரும்பி வரும். டிரம்ஸுக்குப் பின்னால் கனமான கம்பளமோ ராக்வுல் பலகையோ இருந்தால்தான் தடுப்புக்குப் பலன். அதற்கு முன் செலவில்லாத வழிகளைப் பாருங்கள். குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ‘ராட்ஸ்’ பயன்படுத்தலாம். ஸ்நேர் மேல் ஜெல் ஒட்டலாம், கிக்குக்குள் ஒரு தலையணை வைக்கலாம். கிராஷ் சிம்பலைப் பல்லவியின் முதல் அடியில் மட்டும் அடிக்க வேண்டும். பழுதான, மலிவான சிம்பல்கள்தான் காதைக் கிழிக்கும், டிரம்கள் அல்ல.

அளவு வேண்டுமென்றால், ஹாலின் நடுவில் நின்று கைபேசிச் செயலியில் பாருங்கள். சராசரி 85 முதல் 90 டெசிபலுக்குள் இருந்தால் பக்கத்தில் பாடுபவர் குரல் கேட்கும். 95ஐத் தாண்டினால் சபை பாடுவது அவர்களுக்கே கேட்காது, பாடுவதை நிறுத்திவிடுவார்கள். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், 94 என்றால் 1 மணி நேரம்தான். டிரம்மர் அதைவிட அதிகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.

“சனிக்கிழமை சவுண்டு செக்ல ஒண்ணுமே புரியலை, ஒரே எதிரொலி. ஞாயித்துக்கிழமை தானா சரியாயிடுது. எப்படி?”

ஆட்கள் சத்தத்தை விழுங்குகிறார்கள். 66 அடி நீளம், 33 அடி அகலம், 20 அடி உயரமுள்ள ஹால் காலியாக இருக்கும்போது எதிரொலி அடங்க 2.4 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 150 பேர் வந்து உட்கார்ந்தால் அது சுமார் 1.3 ஆகும். ராக்குக்கு 1 விநாடியை ஒட்டி இருப்பது நல்லது. ஆகவே சனிக்கிழமை மிக்சரில் ஈக்யூவைத் (உயர், தாழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருகித் தள்ளாதீர்கள். ஒவ்வொரு சேனலின் கெயினையும் மானிட்டரையும் (மேடையில் குழுவுக்கான ஸ்பீக்கர்) மட்டும் சரிசெய்யுங்கள்.

திறந்த ஜன்னலும் சத்தத்தை வெளியே விட்டுவிடும், அதனால் ஏசி போட்டு ஜன்னலை மூடிய சபைகளில் எதிரொலி கூடும். கிட்டாரிலும் குரலிலும் ரிவெர்பை (செயற்கை எதிரொலி) அணைத்துவிடுங்கள். கட்டடமே போதுமான அளவு கொடுக்கிறது. டிலே (சற்று நேரம் விட்டுத் திரும்ப ஒலிப்பது) வேண்டுமென்றால் தாளத்தோடு பொருத்துங்கள்: 60,000ஐ வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்து, 0.75ஆல் பெருக்க வேண்டும். 120 வேகத்துக்கு 375 மில்லிவிநாடி. 76க்கு 592.

“மைக்ல வாய் பட்டா ஷாக் அடிக்குது. கிட்டார் பிடிச்சிருக்கும்போது மட்டும்தான்.”

உடனே நிறுத்துங்கள். இதில் ‘பரவாயில்லை, லேசாத்தான் அடிக்குது’ என்பதே கிடையாது. கிட்டார் கம்பி ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது, மைக் வலை மிக்சரின் எர்த்தோடு. இரண்டும் வேறு வேறு பிளக்கிலிருந்து வந்து, ஒன்றில் எர்த் இல்லாவிட்டால் நடுவில் நீங்கள்தான் கம்பி. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து கம்பிக்கும் மைக் வலைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்கக்கூடாது.

மேடைக் கருவிகளும் மிக்சரும் ஒரே லைனிலிருந்து, எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் வர வேண்டும். அந்த லைனில், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி போடச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்று கமிட்டியில் முடிவு செய்துகொள்ளுங்கள். ‘உம்ம்’ என்ற இரைச்சலை நிறுத்த எர்த் முள்ளை உடைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது உயிருக்கே உலை. இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் உள்ள ‘கிரவுண்ட் லிப்ட்’ பொத்தான் போதும். அது ஆடியோ வயரின் எர்த்தை மட்டுமே துண்டிக்கும்.

“மானிட்டர் கூவுது. மைக் மாத்தணுமா?”

மானிட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். எஸ்எம்58 போன்ற, முன்பக்க ஒலியையே முக்கியமாக எடுக்கும் கார்டியாய்டு மைக்கின் செவிட்டுப் பக்கம் நேர் பின்னால், அதனால் மானிட்டர் பாடகருக்கு நேர் எதிரே இருக்கலாம். சூப்பர்கார்டியாய்டு என்றால் செவிட்டுப் பக்கம் பின்னால் சற்றே பக்கவாட்டில். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எந்த மைக்கும் கூவும்.

“கிளிக், பேக்கிங் டிராக் வெச்சு வாசிக்கலாமா?”

கிளிக் (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) மட்டும் டிரம்மரின் ஒரு காதில் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். டிராக்கை (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) தள்ளிப்போடுங்கள். நம் ஆராதனையில் பாஸ்டர் ‘இன்னொரு முறை பாடுவோம்’ என்பார், டிராக் காத்திருக்காமல் அடுத்த சரணத்துக்குப் போய்விடும். பிறகு வைப்பதாக இருந்தால் ஸ்டீரியோ கோப்பின் இடது பக்கத்தில் கிளிக், வலது பக்கத்தில் டிராக் என்று வையுங்கள். இடது பக்கம் டிரம்மரின் ஹெட்போனுக்கு, வலது பக்கம் டிஐ வழியாக மிக்சருக்கு. பொத்தான் டிரம்மர் கையில் இருக்க வேண்டும்.

பாஸ்டரின் ‘இன்னொரு முறை’க்கும் ஏற்பாடு வேண்டும். பாட்டு எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் விரலைச் சுழற்றினால் பல்லவி திரும்ப, முட்டி பிடித்தால் முடிவு, கையைத் தாழ்த்தினால் டிரம்ஸ் நிற்கக் கீபோர்டு மட்டும். இந்த மூன்று சைகைகளே நடைமுறையில் போதும்.

“கிட்டார் சோலோ வாசிக்கலாமா, இல்ல அது ஷோ ஆயிடுமா?”

எட்டு பார், ஒரு ஆராதனைக்கு ஒரு முறை. அதுவும் பாட்டின் மெட்டிலிருந்து தொடங்கட்டும். சபைக்கு அந்த நேரத்தில் செய்ய ஏதாவது இருக்க வேண்டும்: கைதட்டவோ, திரையில் உள்ள பைபிள் சங்கீத வசனத்தை வாசிக்கவோ. முப்பத்திரண்டு பார் சோலோவுக்கு கன்வென்ஷன் மேடை இருக்கிறது.

“சொந்தமா பாட்டு எழுதுறோம். வார்த்தை தாளத்துல உட்கார மாட்டேங்குது.”

ஆங்கில ராக் மெட்டில் தமிழை அடைத்தால் அப்படித்தான் ஆகும். நீண்ட சுரத்தில் நெடில் அல்லது ‘ம்’, ‘ன்’, ‘ல்’ போன்ற மெய் வரட்டும். குறிலை நீட்டினால் அர்த்தமே மாறும்: ‘வரம்’ இழுத்தால் ‘வாரம்’ ஆகிவிடும். இயல்பான பேச்சில் அந்த வரியை நான்கு முறை சொல்லிப் பார்த்து, அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே ஸ்நேரை வையுங்கள். வரிகளை மெட்டமைக்கும் முன்பே போதகரிடம் காட்டிவிடுவது நல்லது. மெட்டு ஊறிய பிறகு ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் குழுவுக்குள் சண்டைதான்.

எல்லாப் பாட்டும் வெற்றி முழக்கமாக இருக்க வேண்டியதில்லை. சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் ஏராளம். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. மெதுவான, கனமான ராக் அதற்குப் பொருந்துவதுபோல வேறு எந்த நடையும் பொருந்தாது. லெந்து நாட்களுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) ஒன்று எழுதிப் பாருங்கள்.

“பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ்ல புகார் கொடுக்கிறேங்கிறார். வழிபாட்டு உரிமை இருக்குல்ல?”

வழிபட உரிமை உண்டு, சத்தம் போட இல்லை. சென்னையில் டிரம் செட், கிட்டார் வைத்து ஆராதித்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியிலும் மேளத்திலும் ஜெபிக்கச் சொல்லும் மதம் எதுவும் இல்லை. ஒலி மாசு விதிகள், 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் சுற்றுப்புற அளவைவிட 10 டெசிபலோ 75 டெசிபலோ, எது குறைவோ அதற்கு மேல் போகக்கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது.

வெளிப்புற ஸ்பீக்கரை முதலில் கழற்றுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகப் போவது பெரும்பாலும் பேஸும் கிக்கும்தான். சப்-ஊஃபரைச் சுவர் மூலையிலிருந்து நகர்த்தினாலே நன்றாகக் குறையும்.

“மத்தவங்க பாட்டை வாசிச்சு யூடியூப்ல போடலாமா?”

ஆராதனைக்குள் வாசிக்கத் தடையில்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52 உண்மையான மதச் சடங்கின்போது பாட்டை நிகழ்த்துவதை மீறலாகக் கருதுவதில்லை. பதிவு செய்து வலையேற்றுவது வேறு விஷயம், அதற்கு எழுதியவர், இசையமைத்தவர் தரப்பின் அனுமதி வேண்டும். டிக்கெட் வைத்த நிகழ்ச்சியும் மதச் சடங்கு ஆகாது. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த பாட்டு பொதுச்சொத்து. 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் போன வருஷம் ஒருவர் அதற்கு அமைத்த இசைக்கோர்ப்பையோ அவருடைய டிராக்கையோ எடுத்துப் போட்டால் புகார் வரும்.

“பாட்டு நடுவுல கரண்ட் போயிட்டா?”

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் இடைவெளியில் டிஜிட்டல் மிக்சர் அணைந்து மறுபடி எழ ஒரு நிமிடம்வரை ஆகலாம். மிக்சரையும் கிட்டார் கருவியையும் மட்டும் ஒரு 600 விஏ யுபிஎஸ்ஸில் போடுங்கள். பவர் ஆம்ப்பை அதில் போட்டால் தாங்காது. கரண்ட் போனதும் டிரம்மர் நிறுத்தாமல் கிக்கையும் ஹை-ஹாட்டையும் மெதுவாகத் தொடர வேண்டும், பாட்டு எடுப்பவர் கைதட்டிக்கொண்டே பல்லவிக்குத் திரும்ப வேண்டும். கரண்ட் வந்ததும் உடனே உள்ளே நுழையாதீர்கள். ஆம்ப்பைக் கடைசியாகப் போட்டு, கிட்டாரும் பேஸும் அடுத்த சரணத்தின் தொடக்கத்தில் சேர்ந்தால் போதும்.